லினக்ஸ் தானியங்கி நிறுவலில் வலையமைப்புச் சேமிப்பகம்

வலையமைப்புச் சேமிப்பகம் சார்ந்த தானியங்கி நிறுவல் என்பது, லினக்ஸ் இயங்குதளத்தின் நிறுவல் கோப்புகளை வேறொரு கணினியிலோ சேமிப்புக் கருவியிலோ வைத்து, அவற்றை நிறுவல் வழங்கியின் வழியாகப் பல கணினிகளுக்கு ஒரே நேரத்தில் அளிக்கும் முறையாகும். குறுந்தகடோ யு.எஸ்.பி நினைவகமோ இதற்குத் தேவையில்லை. நிறுவியின் வினாக்களுக்கான விடைகள் முன்னரே ஒரு கோப்பில் எழுதப்பட்டிருப்பதால், ஒவ்வொரு கணினியின் முன்னும் ஒருவர் அமர்ந்திருக்கவேண்டிய தேவையும் இல்லை. கல்லூரி ஆய்வகங்கள், தரவு மையங்கள், அரசு அலுவலகங்கள் ஆகியவற்றில் இம்முறை பயன்படுகிறது.

வரலாறு

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984இல் என்.எப்.எஸ் என்னும் வலையமைப்புக் கோப்பு முறைமையை உருவாக்கியது. தொலைவிலுள்ள வன்தட்டின் அடைவு ஒன்றைத் தன் கணினியின் அடைவு போலவே பயன்படுத்த இது வழிசெய்தது. இவ்வாறு இணைப்பது மவுண்ட் செய்தல் எனப்படும். இதன் மூன்றாம் பதிப்பு 1995இலும், நான்காம் பதிப்பு 2000இலும் வரையறுக்கப்பட்டன.

வன்தட்டில் எதுவும் இல்லாத கணினியை வலையமைப்பிலிருந்து தொடங்கச் செய்யும் பி.எக்ஸ்.ஈ முறையை இன்டெல் நிறுவனம் வகுத்தது. அதன் 2.1 பதிப்பு 1999இல் வெளியானது. அதே ஆண்டு செருமனியின் கோல்ன் பல்கலைக்கழகத்தில் எப்.ஏ.ஐ என்னும் டெபியன் தானியங்கி நிறுவல் திட்டம் தொடங்கியது. ரெட் ஹாட் குடும்பத்திற்குக் கிக்ஸ்டார்ட், டெபியனுக்குப் பிரிசீடு, சுசேவுக்கு ஆட்டோயாஸ்ட் ஆகியவை விடைக்கோப்பு முறைகளாகும். இப்பணிகளை ஒருங்கிணைக்கும் காப்ளர் என்னும் கட்டற்ற மென்பொருள் 2000களின் நடுப்பகுதியில் ரெட் ஹாட் நிறுவனத்தில் உருவானது.

செயல்படும் முறை

1. கணினி இயக்கப்பட்டதும் அதன் வலையமைப்பு அட்டை தனக்கொரு முகவரி வேண்டி டி.எச்.சி.பி வழங்கியைக் கேட்கிறது. முகவரியுடன், தொடக்கக் கோப்பு இருக்கும் இடமும் விடையாகக் கிடைக்கிறது.
2. அக்கோப்பு, லினக்ஸ் கருனி, தொடக்க நினைவக வட்டு ஆகியவை டி.எப்.டி.பி நெறிமுறையில் இறக்கப்படுகின்றன. இந்நெறிமுறை வழக்கமாக 512 எண்ணுண்மித் துண்டு ஒன்றை அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதல் வந்த பின்னரே அடுத்ததை அனுப்பும். ஆகவே சிறு கோப்புகளுக்கு மட்டுமே இது ஏற்றது.
3. நிறுவி தொடங்கி, விடைக்கோப்பைப் படிக்கிறது.
4. மென்பொருள் பொதிகள் எச்.டி.டி.பி அல்லது என்.எப்.எஸ் வழியாக வருகின்றன. மொத்தத் தரவில் பெரும்பகுதி இக்கட்டத்திலேயே கடத்தப்படுகிறது.

சேமிப்பகத்தைப் பிரித்துவைத்தல்

ஒரு லினக்ஸ் வழங்கலின் முழுக் களஞ்சியம் நூற்றுக்கணக்கான கிகாபைட்டு அளவுக்கு வளரக்கூடும். பல பதிப்புகளை வைத்திருந்தால் நிறுவல் வழங்கியின் வன்தட்டு விரைவில் நிரம்பிவிடும். இதனைத் தவிர்க்க இரு வழிகள் உள்ளன.

முதல் வழியில், சேமிப்பகத்தின் அடைவை நிறுவல் வழங்கி மவுண்ட் செய்துகொண்டு, அதிலுள்ள பொதிகளைத் தன் வலை வழங்கி மூலம் அளிக்கிறது. ஒரே பொதி இருமுறை வலையமைப்பில் பயணித்தாலும், அடிக்கடி கேட்கப்படும் பொதிகள் வழங்கியின் நினைவகத்தில் தங்கிவிடுவதால் இழப்பு குறைவு. டெபியன் நிறுவி பொதிகளை வழக்கமாக எச்.டி.டி.பி வழியாகவே பெறுவதால் அதற்கு இவ்வழி பொருந்தும். இரண்டாம் வழியில், நிறுவப்படும் கணினியே சேமிப்பகத்தை நேரடியாக அணுகுகிறது. ரெட் ஹாட் குடும்பத்தின் நிறுவி இதற்கு இடமளிக்கிறது. காப்ளரிலும் கோப்புகளைப் படியெடுக்காமல் அவை இருக்கும் முகவரியை மட்டும் பதிவுசெய்ய முடியும்.

எடுத்துக்காட்டு

நாமக்கல் மாவட்டம் ராசிபுரம் வட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகள் சில இயங்குகின்றன. அத்தகைய கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில் 60 கணினிகள் உள்ளன என்றும், ஒவ்வொன்றுக்கும் 2 கிகாபைட்டு பொதிகள் தேவை என்றும் கொள்வோம். மொத்தம் 120 கிகாபைட்டு. நொடிக்கு 20 மெகாபிட்டு இணைய இணைப்பில் இதனை இறக்க 13 மணி நேரத்திற்கு மேலாகும். பொதிகளை ஒருமுறை உள்ளூர்ச் சேமிப்பகத்தில் வைத்துவிட்டால், 100 மெகாபிட்டு வலையமைப்பில் ஏறத்தாழ 3 மணி நேரமும், 1 கிகாபிட்டு வலையமைப்பில் ஏறத்தாழ 20 நிமிடங்களும் போதும். வன்தட்டின் வேகம் குறைவாயின் இந்நேரம் கூடும்.

தமிழ்நாட்டில் லினக்ஸ்

சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வெளியானது. 2000களின் பிற்பகுதியில் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் சுசே லினக்ஸைப் பயன்படுத்தத் தொடங்கியது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்கக்காலக் கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. பாஸ் டெபியன் வழி வந்தது என்பதால், பிரிசீடு முறையை அறிந்தவர் ஆய்வகங்களில் அதனைத் தானியங்கியாக நிறுவ இயலும்.

சிக்கல்களும் தீர்வுகளும்

- வெற்று அடைவு: மின்தடைக்குப் பின் சேமிப்பகம் எழுவதற்கு முன்பே வழங்கி எழுந்துவிட்டால் மவுண்ட் நிகழாது போகலாம். அந்நிலையில் களஞ்சியத்தைப் புதுப்பித்தால், கோப்புகள் வழங்கியின் சொந்த வன்தட்டில் எழுதப்பட்டு அதனை நிரப்பிவிடும். மவுண்ட் உள்ளதா என்று சோதித்த பின்னரே புதுப்பிக்கும் நிரல் இயங்கவேண்டும்.
- வன் இணைப்பு: ஒரு கோப்பு முறைமையிலிருந்து மற்றொன்றுக்கு வன் இணைப்பு ஏற்படுத்த முடியாது. ஆகவே கருனிக் கோப்புகளை டி.எப்.டி.பி அடைவுக்குப் படியெடுக்க வேண்டும்.
- அனுமதி: எஸ்.ஈ.லினக்ஸ் இயங்கும் வழங்கியில், என்.எப்.எஸ் அடைவை வலை வழங்கி படிக்கத் தனி அனுமதி தரவேண்டும். கோப்புகள் கண்ணுக்குத் தெரிந்தும் நிறுவல் தோல்வியடைவதற்கு இது ஒரு பொதுவான காரணமாகும்.

பாதுகாப்பு

தானியங்கி நிறுவல் பெரும்பாலும் வன்தட்டை முழுவதும் அழித்துவிட்டே தொடங்குகிறது. அழிக்கலாமா என்று அது கேட்பதில்லை. கணினி வலையமைப்பிலிருந்தே முதலில் தொடங்குமாறு அமைக்கப்பட்டிருந்தால், மறுநாள் காலை இயக்கும்போது மாணவர்களின் செய்முறைக் கோப்புகள் அழிந்து மீண்டும் நிறுவல் நடைபெறும். நிறுவல் முடிந்ததும் அக்கணினிக்கான வலையமைப்புத் தொடக்கத்தை நிறுத்தும் வசதி காப்ளரில் உள்ளது. விடைக்கோப்பு இல்லாத கணினிகள் தம் வன்தட்டிலிருந்தே தொடங்குமாறு இயல்பிருப்பை அமைப்பதும் அவசியமாகும்.

விடைக்கோப்பில் மூலப்பயனரின் கடவுச்சொல் இடம்பெறும். அதனை எழுத்தாக அன்றி மறையுருவில் வைத்தாலும், வலையமைப்பில் உள்ள எவரும் அக்கோப்பைப் படிக்க இயலும். மேலும் என்.எப்.எஸ் தன் எளிய அமைப்பில், பயனர் எண்ணைக் கேட்கும் கணினி கூறியபடியே நம்புகிறது. ஆகவே நிறுவப்படும் கணினிகளுக்குச் சேமிப்பகத்தைப் படிக்க மட்டுமே அனுமதித்து, நிறுவலுக்குத் தனி வலையமைப்பை ஒதுக்கி, நிறுவல் முடிந்தவுடன் கடவுச்சொல்லை மாற்றுவது நல்ல நடைமுறையாகும்.

இவற்றையும் பார்க்க

- கட்டற்ற மென்பொருள்
- டெபியன்
- பாஸ் லினக்ஸ்
- வலையமைப்புக் கோப்பு முறைமை