குற்றம் குரலிலா, மின்கலத்திலா?

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது நம் பாட்டிமார் அடிக்கடி சொல்லும் பழமொழி. தன் குறையை மறைக்கப் பிறவற்றின்மேல் பழிபோடுகிறவர்களுக்கு இது நல்ல சூடு. ஆனால் சில வேளைகளில் கூடமே கோணலாக இருந்துவிடுவதும் உண்டு. அப்போது ஆடுகிறவள் எத்தனை சொன்னாலும் ஒருவரும் நம்புவதில்லை. சென்ற ஆண்டு எங்கள் வகுப்பில் அப்படி ஒன்று நடந்தது. அதனால் நாங்கள் கற்ற விஞ்ஞானப் பாடத்தை அன்புத் தங்கையருக்கும் பெற்றோருக்கும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆசிரியர் தின விழாவுக்காக நாங்கள் ஒரு நிழல் நாடகம் தயாரித்தோம். வெள்ளைத் திரைக்குப் பின்னால் மாணவியர் நடிக்க, முன்னரே பதிவுசெய்த கதையும் இசையும் மடிக்கணினியிலிருந்து ஒலிக்க வேண்டும். வகுப்பில் அதிகம் பேசாத தோழி ஒருத்தி, “நான் கதை சொல்கிறேன்” என்று தானாகவே முன்வந்தாள். இரண்டு வாரம் வீட்டில் உட்கார்ந்து பதிவுசெய்து கொண்டுவந்தாள். கணினி அறையில் ஒத்திகை பார்த்தபோது அவள் குரல் மணிபோல் ஒலித்தது.

விழா நாளும் வந்தது. மேடையோரம் நாங்கள் மேசை போட்ட இடத்தில் பிளக் பாயிண்ட் இல்லை. “பேட்டரி நிறைய இருக்கிறது, போதும்” என்று சார்ஜர் இல்லாமலே மடிக்கணினியை வைத்தோம். திரையில் விளக்கு எரிந்தது, கதை தொடங்கியது. நாலு வாக்கியம் போவதற்குள் கடுகு பொரிவதுபோல் பட், பட் என்று சத்தம். நடுநடுவே கரகரப்பு. முன்வரிசையில் இருந்த சிறு பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். நாடகம் எப்படியோ முடிந்தது.

“ரெக்கார்டிங்கே சரியில்லை” என்றார்கள் எல்லாரும். “வீட்டில் நன்றாகத்தான் கேட்டது” என்று அவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. ஆண்டு விழாப் பதிவை வேறொருத்தியிடம் கொடுத்துவிடலாம் என்று பேச்சு எழுந்தது. அப்படிப் பேசியவர்களில் நானும் ஒருத்தி என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

கணினி டீச்சர் மட்டும் எங்களை நிறுத்தினார்கள். “யார் கெடுத்தது என்று கேட்கும் முன், எப்போது கெடுகிறது என்று கேளுங்கள். நாளை மாலை எல்லாரும் அறைக்கு வாருங்கள்” என்றார்கள்.

எண்களால் ஆன குரல்

கரகரப்பின் காரணம் விளங்க வேண்டுமானால், கணினியில் ஒலி எப்படிப் பிறக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். ஒலி என்பது காற்றின் அதிர்வு. மனிதச் செவி ஏறக்குறைய 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வுகளைக் கேட்கும். கணினிக்கோ எண்களைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆகவே அது ஒலியலையின் உயரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, அந்த அளவுகளை எண்களாக எழுதி வைக்கிறது. 1982-இல் விற்பனைக்கு வந்த சி.டி. இசைத்தட்டில் விநாடிக்கு 44,100 அளவுகள். இன்றைய கணினிகளில் பெரும்பாலும் 48,000. கேட்கக்கூடிய மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்கு மேல் அளந்தால்தான் அலையைத் திரும்பச் சரியாக அமைக்க முடியும் என்பதே இவ்வளவு பெரிய எண்ணுக்குக் காரணம்.

பாட்டைப் போடும்போது இந்த எண்களை ஒலிச்சில்லு வரிசையாக வாங்கி, மீண்டும் மின்னலையாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. செயலி, அதாவது கணினியின் மூளை, எண்களை ஒவ்வொன்றாகக் கொடுப்பதில்லை. ஒரு சிறு சேமிப்பிடத்தில் கொத்தாக நிரப்பி வைக்கிறது. இதற்கு பஃபர் என்று பெயர். விண்டோஸ் கணினிகளில் வழக்கமாக ஒரு கொத்து என்பது 10 மில்லி விநாடி அளவுள்ளது. விநாடிக்கு 48,000 என்றால், ஒரு கொத்தில் 480 அளவுகள் அடங்கும்.

கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். இலையில் உட்கார்ந்திருப்பவர் ஒலிச்சில்லு. அவர் ஒரே வேகத்தில் சாப்பிடுவார். ஒரு நொடியும் நிறுத்த மாட்டார். வாளியுடன் பரிமாறுகிறவர் செயலி. இலை காலியாவதற்குள் அவர் திரும்பி வந்துவிட்டால் விருந்து ஒழுங்காக நடக்கும். சற்றுப் பிந்தினால் இலை வெறிச்சோடிப்போகும். ஒலியில் அந்த வெறுமை எப்படிக் கேட்கும்? வழவழப்பாக ஏறி இறங்கிக்கொண்டிருந்த அலை சட்டென்று அறுந்து, வேறோர் இடத்தில் தொடங்கும். ஒலிபெருக்கியின் கூம்பு ஒரு துள்ளுத் துள்ளும். அதுதான் ‘பட்’ என்னும் சத்தம். இப்படி விநாடிக்குப் பல முறை நேர்ந்தால் அதுவே கரகரப்பு.

பேட்டரியில் மட்டும் ஏன்?

சுவரிலிருந்து மின்சாரம் வரும்போது செயலி தாராளமாக உழைக்கிறது. சார்ஜரைக் கழற்றியவுடன் கணினி சிக்கனக் குடும்பம் ஆகிவிடுகிறது. செயலி செலவிடும் மின்திறன் அதன் வேகத்தையும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. ஆகையால் வேகத்தையும் அழுத்தத்தையும் சற்றுக் குறைத்தாலே மிச்சம் நிறைய. வேலை இல்லாத மிகச் சிறு இடைவெளிகளிலும் செயலியின் பகுதிகள் தூங்கப் போய்விடும். ஆழ்ந்து தூங்கினால் மின்சாரம் மிகவும் மிச்சம். ஆனால் எழுவதற்கும் சற்று நேரம் பிடிக்கும். வைஃபை, யு.எஸ்.பி. முதலிய துணைப்பாகங்களும் இவ்வாறே கண்ணயர்ந்து விழிக்கின்றன. வைஃபை விழித்தெழும்போது அதன் வேலையைக் கவனிக்கச் செயலி ஓட வேண்டும். அந்த வேலை நீண்டுவிட்டால், ஒலிக்குப் பரிமாற வேண்டியவர் அடுப்படியிலேயே நின்றுவிடுகிறார்.

ஆக, பதிவில் பழுதில்லை, ஒலிபெருக்கியிலும் பழுதில்லை, பேட்டரியும் கெட்டுப்போகவில்லை. சிக்கனம் அளவு கடந்ததால் வந்த வினை இது.

எங்கள் பரிசோதனை

இவை யாவும் பின்னர்தான் எங்களுக்கு விளங்கின. மறுநாள் மாலை டீச்சர் ஒரே ஒரு விதியை வைத்தார்கள்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும், என்ன கேட்டது என்பதை உடனே நோட்டில் எழுத வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போய்விடும் அல்லவா?

முதலில் அதே பதிவைக் கைப்பேசியில் போட்டோம். அட்சரம் பிசகாமல் கேட்டது. அப்போதே எங்கள் முகங்கள் மாறத் தொடங்கின. அடுத்து மடிக்கணினியில் சார்ஜரைச் சொருகியும் கழற்றியும் மும்மூன்று முறை கேட்டோம். சொருகிய மூன்று முறையும் சுத்தம். கழற்றிய மூன்று முறையும் கரகரப்பு. பிறகு பேட்டரியிலேயே இயர்போன் வைத்துக் கேட்டோம். அதிலும் கரகரப்பு இருந்தது. ஆகவே ஒலிபெருக்கியின்மேல் குற்றமில்லை.

நான்காவதாக, செட்டிங்ஸ் பகுதியில் பவர் மோட் என்பதைச் சிக்கனத்திலிருந்து பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ் என்பதற்கு மாற்றினோம். சத்தம் பாதிக்குமேல் குறைந்தது, முற்றும் நிற்கவில்லை. ஐந்தாவதாக வைஃபையை அணைத்தோம். கரகரப்பு அறவே நின்றது. உறுதி செய்வதற்காக வைஃபையைத் திரும்பப் போட்டோம். சத்தமும் திரும்ப வந்தது. அணைத்தோம், நின்றது.

நோட்டை மூடிவிட்டு டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. நான் எழுந்து அந்தத் தோழியிடம் போய், “உன்மேல் தப்பே இல்லை, தப்பு எங்கள்மேல்தான்” என்றேன். “நான்தான் அன்றைக்கே சொன்னேனே” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

வீட்டில் செய்யத்தக்கவை

இணையவழி வகுப்பு, மொழிப் பாடத்தின் கேட்டல் பயிற்சி, பாட்டுப் பதிவு என்று மடிக்கணினி இன்று பல வீடுகளில் புழங்குகிறது. பேட்டரியில் ஓடும்போது கரகரப்பு வந்தால் இந்த வரிசையில் பார்க்கலாம்.

1. சார்ஜரைச் சொருகிப் பாருங்கள். சத்தம் நின்றால் காரணம் மின்சிக்கனம் என்று பெரும்பாலும் கொள்ளலாம். அவசர நேரத்தில் மருந்தும் அதுவே.

2. விண்டோஸ் 11 கணினியில் செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் அண்ட் பேட்டரி என்று வரிசையாகச் சென்று பவர் மோடை உயர்த்துங்கள். எனர்ஜி சேவர் போட்டிருந்தால் அணையுங்கள்.

3. இணையம் தேவையில்லாத வேளையில் வைஃபையையும் புளூடூத்தையும் அணையுங்கள். தேவையானால், கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில், வயர்லெஸ் அடாப்டருக்கு மேக்ஸிமம் பெர்ஃபார்மன்ஸ் என்று வைக்கலாம். எல்லாக் கணினிகளிலும் இந்த வசதி கண்ணில் படாது.

4. ஒலி அமைப்பில் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்பதை அணைத்துப் பாருங்கள். ஒலிக்கு மெருகேற்றுவதாகச் சொல்லும் இவை செயலிக்குக் கூடுதல் சுமை.

5. தேவையற்ற நிரல்களை மூடுங்கள். கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பின்னும் தீராவிட்டால், கணினியைத் தயாரித்தவர்களின் தளத்திலிருந்து ஒலிக்கும் வைஃபைக்கும் உரிய டிரைவர்களைப் புதுப்பியுங்கள்.

6. பதிவுசெய்யும் நிரல்களில் பஃபர் அளவைக் கூட்ட இடமுண்டு. பெரிய இலையில் நிறையப் பரிமாறி வைப்பதுபோல் இது. ஆனால் ஒலி சற்றுப் பிந்தி வரும். பாட்டுக் கேட்க அது கெடுதலில்லை. கூடவே பாடிப் பதிவுசெய்ய இடைஞ்சல்.

பாட்டுத் தொடங்கும்போதும் முடியும்போதும் மட்டும் ஒரே ஒரு ‘டப்’ கேட்டால் அது வேறு சங்கதி. அமைதியான நேரத்தில் ஒலிச்சில்லையே கணினி தூங்க வைத்து, பின் எழுப்புவதால் வருவது அது. லினக்ஸ் கணினியில் ஒலிச்சில்லின் பவர் சேவ் அளவை 0 என்று வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

இதற்கு நேர்மாறாக, சார்ஜர் சொருகினால் மட்டும் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் கேட்டு, கழற்றினால் நின்றுபோவதும் உண்டு. அது மின்சிக்கனத்தால் வருவதன்று. மடிக்கணினியும் ஒலிபெருக்கியும் வெவ்வேறு வழியாக நில இணைப்புப் பெறும்போது நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் சாயல் ஒலியில் கலப்பதே அது. இரண்டையும் ஒரே பிளக் பலகையில் சொருகினால் பெரும்பாலும் குறையும். எர்த் முனையை ஒடிக்கவோ, அதைத் தவிர்த்துச் சொருகவோ ஒருபோதும் கூடாது, உயிருக்கே ஆபத்து.

மற்றோர் எச்சரிக்கை: மடிக்கணினியின் அடிப்பாகம் உப்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கலாம். அதை அழுத்தவோ குத்தவோ சார்ஜ் செய்யவோ வேண்டாம். பெரியவர்களிடம் சொல்லி, பழுது பார்ப்பவரிடம் ஒப்படையுங்கள்.

மின்சிக்கனத்தை எப்போதும் அணைத்துவைப்பதும் சரியன்று. பேட்டரி விரைவில் தீரும், கணினியும் சூடாகும். நிகழ்ச்சி நேரத்துக்கு மட்டும் உயர்த்திவிட்டு, முடிந்ததும் பழையபடி வைப்பதே நன்று. இன்னும் ஒன்று: ஒத்திகையை விழா நாளில் இருக்கப்போகிற அதே நிலையிலேயே பாருங்கள். அதே மேசை, அதே ஒலிபெருக்கி, சார்ஜர் இல்லையென்றால் ஒத்திகையிலும் சார்ஜர் இல்லாமல்தான்! நாங்கள் இதைச் செய்திருந்தால் ஒரு தோழி அத்தனை நாள் தலைகுனிந்து நடந்திருக்க மாட்டாள்.

ஆண்டு விழா நாடகத்துக்கும் அவளே கதை சொன்னாள். மேடையோரம் நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்து, அதில் சார்ஜரைச் சொருகியவள் நான். வைஃபை அணைந்திருக்கிறதா என்று இருமுறை பார்த்தேன். அன்று ஒரு ‘பட்’ கூடக் கேட்கவில்லை. அவள் குரல் கடைசி வரிசைவரை தெளிவாகச் சென்றது.

கருவி பிசகினால் சரிசெய்துவிடலாம். அவசரப்பட்டு ஒருத்தியின்மேல் போட்ட பழியை எடுப்பதுதான் கடினம். எனவே தங்கையரே, அடுத்த முறை ஏதாவது கரகரத்தால், முதலில் சார்ஜரைச் சொருகிப் பாருங்கள், பிறகு பேசலாம்.