பகலில் அணைக்க முடியாத மின்சாரம்

வீட்டில் மின்கசிவு ஏற்பட்டாலும் தீப்பிடித்தாலும் முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும் என்பது தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வரும் பாடம்; மொட்டை மாடியில் சோலார் பேனல் பொருத்திய வீட்டில் அந்தப் பாடம் பாதிதான் செல்லுபடியாகும். மெயினை அணைத்தால் தெருக்கம்பத்திலிருந்து வரும் மின்சாரம் நின்றுவிடும், பேனல் மின்சாரத்தை வீட்டுக்கேற்ப மாற்றித்தரும் இன்வெர்ட்டரும் ஓய்ந்துவிடும். ஆனால் பேனல்களின் மேல் வெயில் விழுந்துகொண்டிருக்கும்வரை, அவற்றிலிருந்து இன்வெர்ட்டருக்கு இறங்கும் கம்பிகளில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். சூரிய மின்நிலையங்களுக்காக உலக நாடுகள் எழுதியுள்ள பாதுகாப்பு விதிகளில் பல இந்த ஒரே சிக்கலைச் சுற்றி வளர்ந்தவையே.

அந்த அழுத்தம் எவ்வளவு என்பதை ஒரு கணக்கால் அறியலாம். இன்று பரவலாக விற்கப்படும் 540 வாட் பேனல் ஒன்றின் திறந்தசுற்று மின்னழுத்தம், அதாவது மின்சாரம் எடுக்கப்படாத நிலையில் அதன் இரு முனைகளுக்கிடையே காணப்படும் அழுத்தம், ஏறத்தாழ 50 வோல்ட். 5.4 கிலோவாட்டுக்காகப் பத்துப் பேனல்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைத்தால் (தொழிலில் இதை ‘ஸ்ட்ரிங்’ என்பார்கள்) 500 வோல்ட் ஆகிவிடும். வெயில் கொளுத்தும்போது இது மேலும் கூடும் என்று நினைக்கத் தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறானது. பேனல் சூடேறினால் அழுத்தம் குறையும், குளிர்ந்தால் கூடும். 25 டிகிரியில் 500 வோல்ட் தரும் ஸ்ட்ரிங், உறைபனி விழும் உதகமண்டலத்து ஜனவரிக் காலையில் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலாகத் தரும். ஆகவேதான் ஓரிடத்தின் மிகக் குறைந்த வெப்பநிலையைக் கொண்டே ஸ்ட்ரிங்கின் உச்ச அழுத்தத்தைக் கணக்கிட வேண்டும் என்று விதிகள் வற்புறுத்துகின்றன.

மேலும், பேனல் தருவது நேர்த்திசை மின்னோட்டம். வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை சுழியைத் தொட்டு மீள்வதால், கம்பி விலகிய இடத்தில் எழும் மின்வில், அதாவது இடைவெளியைத் தாண்டிப் பாயும் தீப்பொறி, பெரும்பாலும் தானே அறுந்துவிடுகிறது. நேர்த்திசை மின்னோட்டத்துக்கு அந்த இடைவேளை இல்லை. ஒருமுறை எழுந்த மின்வில் பிளாஸ்டிக்கை உருக்கி, பக்கத்திலிருப்பதைப் பற்றவைத்துக்கொண்டு நிற்கும். சாதாரண வீட்டு எம்சிபியை பேனல் பக்கத்துக் கம்பியில் போடுவது இதனாலேயே ஆபத்தானது: அதை அணைக்கும் கணத்தில் உள்ளே எழும் மின்வில்லை அறுக்கும் அமைப்பு அதில் இல்லை. ஃபியூஸும் பெரிதாக உதவாது. 13 ஆம்பியரில் இயங்கும் பேனலின் குறுக்குச்சுற்று மின்னோட்டமே 14 ஆம்பியரைச் சுற்றித்தான் இருக்கும் என்பதால், ஒற்றை ஸ்ட்ரிங்கில் கோளாறு நேர்ந்தாலும் ஃபியூஸுக்கு அது வழக்கமான ஓட்டமாகவே தெரியும்.

இத்தகைய கூரையின் மேல் தீயணைப்பு வீரர் ஏறினால் என்ன ஆகும் என்ற கேள்வி அமெரிக்காவில் தீவிரமாக எழுந்தது. அங்குள்ள அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ் என்னும் பாதுகாப்புச் சோதனை நிறுவனம் 2011இல் வெளியிட்ட ஆய்வு, தார்ப்பாய் போட்டு மூடிய பேனல்கூடப் பல வேளைகளில் மின்சாரம் தரும் என்றும், இரவில் தீயணைப்பு வண்டியின் விளக்கொளியே ஆபத்தான அழுத்தத்தை உண்டாக்கப் போதுமானது என்றும் காட்டியது. அந்நாட்டின் தேசிய மின்விதித் தொகுப்பு மூன்றாண்டுக்கு ஒருமுறை திருத்தப்படுவது. அதன் 2014ஆம் ஆண்டுப் பதிப்பு, பேனல் தொகுதியிலிருந்து 10 அடிக்கு அப்பால் செல்லும் கூரைக் கம்பிகள் 10 நொடிகளுக்குள் 30 வோல்ட்டுக்குக் கீழே இறங்க வேண்டும் என்று ஆணையிட்டது. 2013 செப்டம்பரில் நியூஜெர்சியின் டெலான்கோ நகரில், 7,000க்கும் மேற்பட்ட பேனல்களைச் சுமந்த குளிர்பதனக் கிடங்கு ஒன்று எரிந்தபோது, வீரர்கள் கூரைமேல் ஏறாமல் விலகி நின்றே தண்ணீரைப் பாய்ச்ச வேண்டியதாயிற்று. அந்தத் தீக்கு முன்பே விதி எழுதி முடிக்கப்பட்டிருந்தது. ஆயினும் பேனல்களுக்கு நடுவே நிற்பவருக்கு அந்த விதியும் பாதுகாப்புத் தராது என்ற உண்மை உறைத்தது. 2017ஆம் ஆண்டுப் பதிப்பு தொகுதிக்குள்ளேயும் 30 நொடிகளில் 80 வோல்ட்டுக்கு மிகாதபடி அழுத்தத்தைக் கட்டுப்படுத்தச் சொன்னது. இதை நிறைவேற்றும் வழக்கமான வழி, ஒவ்வொரு பேனலின் அடியிலும் ஒரு மின்னணுக் கருவியைப் பொருத்துவது. அப்படிப் பொருத்தும்போது கூரைமேல் கம்பிகளை இணைக்கும் கனெக்டர்களின் எண்ணிக்கையும் பெருகுகிறது.

கூரைமேல் கருவிகளும் இணைப்புகளும் பெருகினால் என்ன என்று கேட்போருக்கு ஆஸ்திரேலியா விடை வைத்திருக்கிறது. அந்நாட்டின் 2012ஆம் ஆண்டுத் தரவிதி, கூரைமேல் பேனல்களுக்கு அருகிலேயே ஐசோலேட்டர் என்னும் துண்டிப்புச் சுவிட்சை வைக்கக் கட்டாயப்படுத்தியது. நோக்கம் நல்லதே. ஆனால் வெயிலில் வெளிறிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் மழைநீர் இறங்கி, பாதுகாப்புக்கென வைத்த அந்தச் சுவிட்சுகளே தீப்பற்றத் தொடங்கின. 2021இல் வெளிவந்த திருத்தம் அந்தக் கட்டாயத்தை நீக்கியது. தவறிய விதியைத் திரும்பப் பெறுவதற்கும் ஒரு துணிவு வேண்டும். அந்தப் பெருமையை அவர்களுக்குக் கொடுக்கத்தான் வேண்டும்.

இரு நாடுகளின் பட்டறிவும் கருவியைவிட இணைப்பே முக்கியம் என்பதைக் காட்டுகிறது. கட்டைவிரல் நீளமே உள்ள எம்சி4 கனெக்டருக்குள் ஓர் உலோகக் குழல் இருக்கிறது. 4 சதுர மில்லிமீட்டர் கம்பியின் இழைகளை அதனுள் செருகி, அதற்கென்றே உள்ள கிரிம்பிங் கருவியால் நெரிக்க வேண்டும். கட்டிங் பிளேயரால் நசுக்கினாலும் விளக்கு எரியும், மீட்டர் ஓடும். ஆனால் சரியாக ஒட்டாத இழைகள் நாள்தோறும் சூடேறி, சில ஆண்டுகளில் உறையைக் கருக்கிவிடும். ஒரு நிறுவனத்தின் ஆண் முனையை இன்னொரு நிறுவனத்தின் பெண் முனையோடு சேர்ப்பதும் அப்படியே. ‘கிளிக்’ என்று பூட்டிக்கொள்வது பொருந்தியதற்குச் சான்று ஆகாது. ஒரே நிறுவனத்தின் ஒரே வகையையே இணைக்க வேண்டும் என்று சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 62548ஆம் தரவிதி கூறுகிறது.

இந்தியாவில் 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரியசக்தி வீட்டுத் திட்டம் ஒரு கோடி வீடுகளை இலக்காக வைத்து, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் பொருத்துவோருக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. மின்தடையின்போது கம்பத்தில் ஏறும் லைன்மேனுக்கு வீட்டுப் பேனலிலிருந்து அதிர்ச்சி பாயாதபடி, வலையமைப்பில் மின்சாரம் நின்றதும் இன்வெர்ட்டர் 2 நொடிக்குள் தானே விலகும் ஏற்பாடும் இங்கே உண்டு. ஆனால் இணைப்புகளின் கோளாற்றை அறிய வீட்டுக்காரர் கவனிக்க வேண்டிய அறிகுறி வேறொன்று. இன்வெர்ட்டர் நாள்தோறும் காலையில் வேலையைத் தொடங்குமுன், பேனல் கம்பிகளிலிருந்து நிலத்துக்கு மின்கசிவு இருக்கிறதா என்று தானே சோதித்துக்கொள்ளும். மழை பெய்த மறுநாள் அதன் திரையில் ‘ஐசோலேஷன் ஃபால்ட்’ என்று தோன்றி, வெயில் ஏறியதும் மறைந்துவிட்டால், கோளாறு தீர்ந்தது என்று பொருளன்று. பெரும்பாலும் எங்கோ ஓர் இணைப்புக்குள் புகுந்த நீர் அப்போதைக்கு உலர்ந்திருக்கிறது. அன்றே பொருத்தியவரை அழைத்து ஒவ்வொரு கனெக்டராகப் பார்க்கச் சொல்லுங்கள்; நீங்களாக மாடிக்குப் போய் அவற்றைக் கழற்ற வேண்டாம்.