தொழிற்சாலைச் சுவருக்கு அப்பால்

தொழிலாளியின் பாதுகாப்பு முதலாளியின் பெருந்தன்மையைப் பொறுத்த விடயமன்று. அது தொழிலாளியின் உரிமை. இவ்வுரிமை நமது நாட்டில் எவ்வளவு தூரம் செல்கின்றது என்பதை அறியத் தேயிலைத் தோட்டமொன்றை நோக்கினாற் போதும்.

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், ஆபத்தான இயந்திரப் பகுதிகளுக்குத் தடுப்பிடல், விபத்துகளை அறிவித்தல் முதலிய கடமைகளை விதிக்கின்றது. எனவே, தேயிலைத் தொழிற்சாலையிற் கொழுந்து அரைக்கும் இயந்திரத்தருகே நிற்பவருக்கு இச்சட்டத்தின் காவல் உண்டு. அக்கொழுந்தை மலைச்சரிவிற் பறிக்கும் பெண்ணுக்கோ அது இல்லை. தேயிலை மலை 'தொழிற்சாலை' என்னும் வரைவிலக்கணத்துள் அடங்காது. குளவிக்கொட்டு, வழுக்கும் சரிவு, தெளிக்கப்படும் நஞ்சு ஆகியன அவளது அன்றாட ஆபத்துகள். குளவி கொட்டி இறந்தோரும் உளர்.

1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அவளுக்கும் உரியதன்றோ எனச் சிலர் வினவலாம். உண்மையே. ஆயின் நட்டஈடு விபத்தின் பின் வருவது. பாதுகாப்போ அதற்கு முன்னரே இருக்கவேண்டியது. மேலும், குளவிக்கூடு கண்டு விலகினாற் கொழுந்தின் நிறை குறையும்; நிறை குறைந்தாற் கூலியும் குறையும். இந்நிலையில் விலகும் சுதந்திரம் அவளுக்கு ஏது?

சர்வதேச தொழில் மாநாடு 2022 ஜூனில், பாதுகாப்பும் சுகாதாரமும் உள்ள வேலைச்சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. அவ்வுரிமை தோட்டத்தை எட்டவேண்டுமாயின், கூலியை இழக்காமல் ஆபத்திலிருந்து விலகவும், பறிக்கவிருக்கும் மலையைத் தொழிலாளர் பிரதிநிதிகள் முன்கூட்டியே பார்வையிடவும் சட்டம் இடமளித்தல் வேண்டும். இக்கோரிக்கையைத் தொழிற்சங்கங்கள் கூலிக் கோரிக்கையோடு சேர்த்தே முன்வைக்கவேண்டும் என்பது நமது கருத்தாகும்.