ஷோ முயல் வாங்கப் போறீங்களா? விலையைப் பார்க்காதீங்க, ஈத்தைப் பாருங்க!

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்ம சப்ஸ்கிரைபர்கள் சிலர்கிட்டேருந்து ஒரு வித்தியாசமான கேள்வி வந்திருக்கு. "வீட்ல பசங்க ராபிட் ஷோ பார்த்துட்டு வந்து முயல் கேட்கறாங்க. நாமும் ஷோவுக்குக் கொண்டுபோற மாதிரி வளர்க்கலாமா? எந்த இனம் வாங்கலாம்? செலவு எவ்வளவு ஆகும்?"

பணம் சம்பந்தப்பட்ட கேள்விதான் இது. நம்மில் பலபேர் முயலோட விலையை மட்டும் பார்த்து முடிவு பண்றோம். ஆனா மொத்தச் செலவுல அந்த விலை ஒரு சின்னப் பங்குதான்.

முதல்ல இந்தப் போட்டி எப்படி நடக்குதுன்னு பார்ப்போம். 1910-ல் தொடங்கிய அமெரிக்கன் ராபிட் பிரீடர்ஸ் அசோசியேஷன், சுருக்கமா ஆர்பா, 50-க்கு மேற்பட்ட முயல் இனங்களை அங்கீகரிச்சிருக்கு. ஒவ்வொரு இனத்துக்கும் எடை, உடல்வாகு, ரோமம், நிறம் எப்படி இருக்கணும்னு எழுதி வச்ச தரவிதிகள் இருக்கு. நடுவர் மேஜையில் முயலை வச்சு, அந்த விதிகளோட ஒப்பிட்டுப் பார்ப்பார். எடை வரம்பு தாண்டினாலோ, இருக்கக் கூடாத இடத்துல புள்ளி இருந்தாலோ நேரா தகுதி நீக்கம்தான். முயலோட இடது காதுல பச்சை குத்திய எண் இருக்கணும். ஷோவுல கலந்துக்க வம்சாவளிச் சான்று தேவையில்லை, பதிவு பண்ணப் போனாத்தான் அது வேணும்.

பரிசுத் தொகை? பெரும்பாலும் ஒரு ரிப்பனும் கைதட்டலும்தான். நுழைவுக் கட்டணம் ஒரு முயலுக்குச் சில டாலர்கள் வரும். ஆக, இதை முதலீடுன்னு நினைக்காதீங்க, பொழுதுபோக்குன்னு நினைச்சு பட்ஜெட் போடுங்க. "ஜோடி வாங்குங்க, குட்டிகளை நானே நல்ல விலைக்குத் திரும்ப எடுத்துக்கறேன்"னு யாராவது சொன்னா, நம்ம ஊர் ஈமு கோழிக் கதையை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.

சரி, எந்த இனம்? வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் தெரிஞ்சாகணும். ஒரு ஈத்துல பிறக்கற குட்டிகள்ல எத்தனை ஷோ மேஜை வரைக்கும் போகும்? அது உங்களுக்கு எப்போ தெரியும்?

நெதர்லாண்ட் ட்வார்ஃப் எல்லாரும் ஆசைப்படற குட்டி முயல். அதிகபட்ச எடை 2.5 பவுண்டு, அதாவது 1.1 கிலோ சொச்சம். குள்ளமா இருக்கக் காரணம் ஒரு மரபணு. அந்த மரபணு ஒண்ணு இருந்தா அழகான குள்ள முயல். அப்பாகிட்டேருந்து ஒண்ணு, அம்மாகிட்டேருந்து ஒண்ணுன்னு ரெண்டு வந்துட்டா, குட்டி பிழைக்காது. அங்கே அதை 'பீனட்'னு சொல்றாங்க. ரெண்டு குள்ள முயலை இணைச்சா சராசரியா கால் பங்கு குட்டிகள் பிறந்த சில நாள்ல செத்துப்போகும். இன்னொரு கால் பங்குக்கு அந்த மரபணுவே வராது, அதெல்லாம் பெருசா வளர்ந்துடும். ஷோவுக்கு மிஞ்சறது பாதிதான். ஈத்துக்கே ரெண்டு, மூணு குட்டிதான் போடும்னும்போது அந்தப் பாதிங்கறது என்னன்னு யோசிச்சுக்கோங்க. அனுபவசாலிகள் குள்ள மரபணு இல்லாத, கொஞ்சம் பெரிய பெண் முயலோட குள்ள ஆணை இணைப்பாங்க. அப்பவும் பாதிதான் குள்ளமா வரும், ஆனா சாவு இல்லை. ஹாலண்ட் லாப் வாங்கினாலும் இதே கதைதான். பசங்க கண்முன்னாடி குட்டி சாகறதைச் சமாளிக்க முடியுமாங்கறதையும் நீங்கதான் யோசிக்கணும்.

இங்கிலீஷ் ஸ்பாட்ல கதை வேற. மூக்குல பட்டாம்பூச்சி வடிவம், கண்ணைச் சுத்தி வளையம், முதுகுல கோடு, விலாவுல சங்கிலி மாதிரி புள்ளிகள்னு பார்க்கவே ரங்கோலி போட்ட மாதிரி இருக்கும். ரெண்டு புள்ளி முயலை இணைச்சா பாதிக் குட்டிகள் புள்ளியோட வரும். கால் பங்கு ஒரே நிறமா இருக்கும். மீதி கால் பங்கு 'சார்லி', உடம்பு முழுக்க வெள்ளை, மூக்குல சாப்ளின் மீசை மாதிரி ஒரு திட்டு. ஒரே நிறமும் சார்லியும் ஷோவுக்கு ஆகாது. சார்லிகளுக்குக் குடல் கோளாறு வர வாய்ப்பும் அதிகம். புள்ளியோட வந்த பாதியிலும் வளையம் விட்டுப்போனது, சங்கிலி அறுந்ததுன்னு இன்னும் கழியும்.

இப்படிப் பார்த்தா இங்கிலீஷ் ஸ்பாட் மோசமான தேர்வு மாதிரி தெரியுது இல்லையா? ரெண்டாவது கேள்வியைக் கேளுங்க. பிறந்த சில நாள்லயே எந்தக் குட்டிக்குப் புள்ளி இருக்கு, எதுக்கு இல்லைன்னு கண்ணுக்குத் தெரிஞ்சுடும். எட்டு வாரத்துல செல்லப் பிராணியா கொடுத்துடலாம். நஷ்டம்தான், ஆனா சீக்கிரமே தெரியற நஷ்டம்.

இதுக்கு நேர் எதிர் ஃப்ளெமிஷ் ஜயண்ட். முழு வளர்ச்சி அடைஞ்ச பெண் முயல் குறைஞ்சது 14 பவுண்டு, கிட்டத்தட்ட 6.4 கிலோ இருக்கணும். மெதுவா வளர்ற இனம். நல்ல எடைக்கு வருமா, எலும்பு தேறுமான்னு தெரிய ஒரு வருஷம் பக்கம் ஆகும். அதுவரைக்கும் தீவனம் போட்டுக்கிட்டே இருக்கணும்.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம், உங்க ஊர் விலையை வச்சு மாத்திக்கோங்க. இங்கிலீஷ் ஸ்பாட் குட்டி ஒண்ணுக்கு மாசம் 6 டாலர்னு வச்சுக்குவோம். எட்டுக் குட்டியில நாலை ரெண்டு மாசத்துல கொடுத்துட்டா 48 டாலர், மீதி நாலை ஆறு மாசம் வளர்த்தா 144. மொத்தம் 192 டாலர். ஃப்ளெமிஷ்ல நாலே நாலு குட்டியை ஒரு வருஷம் வச்சுக்கறீங்க, மாசம் 20 டாலர்னா 960 டாலர். ரெண்டுலயும் கடைசியில நல்லதா ஒண்ணுதான் தேறுதுன்னா, அந்த ஒண்ணோட உண்மையான விலை இதுதான். இதுல பெரிய கூண்டு, பெரிய கார் எல்லாம் சேர்க்கவே இல்லை.

அப்போ மாசச் சம்பளக்காரங்களுக்கு எது? என்னோட சாய்ஸ் ஹிமாலயன். வெள்ளை உடம்பு, மூக்கு, காது, கால், வால் மட்டும் கருமை. இந்த நிறம் உடல் வெப்பத்தைப் பொறுத்தது, குளிர்ச்சியான பகுதிகள்லதான் கருமை ஏறும். ரெண்டு ஹிமாலயனை இணைச்சா எல்லாக் குட்டியும் இதே அமைப்போடதான் வரும். குள்ள மரபணுச் சாவும் இல்லை. அதிகபட்சம் 4.5 பவுண்டு, அதனால தீவனமும் இடமும் குறைவு. ரொம்ப சாது, பசங்க தூக்கினாலும் பொறுத்துக்கும். குறை என்னன்னா, வெள்ளை இருக்கவேண்டிய இடத்துல கருமை படிஞ்சா தகுதி போயிடும்.

சில ஊர்கள்ல ஹிமாலயன் வளர்க்கறவங்க குறைவு. இது ஏன் முக்கியம்னா, கிராண்ட் சாம்பியன் பட்டத்துக்கு மூணு 'லெக்' வேணும், அதுல குறைஞ்சது ரெண்டு வேற வேற நடுவர்கிட்ட. ஒரு லெக் கிடைக்க, போட்டியில குறைஞ்சது 3 பேரோட 5 முயல்களாவது இருக்கணும். அரிய இனத்தைத் தனியா கொண்டுபோனா இனத்துல முதலிடம் சுலபமா கிடைக்கும், ஆனா அதுக்கு லெக் கிடைக்காது. உங்க பக்கத்துல ஹிமாலயன் இல்லைன்னா மினி ரெக்ஸ் பாருங்க. வெல்வெட் மாதிரி ரோமம், எங்கேயும் போட்டி இருக்கும், குட்டி வாங்கறதுக்கும் ஆள் இருப்பாங்க.

இங்கிலீஷ் அங்கோரா பக்கம் போகாதீங்க. அந்த ரோமத்தைப் பராமரிக்க வாராவாரம் மணிக்கணக்கா உட்காரணும். டெக்சாஸ், அரிசோனா வெயில்னா இன்னும் கஷ்டம். எந்த முயலும் 30 டிகிரி செல்சியஸ் தாண்டினா திணறும், கராஜுக்கு ஏசி பில்லையும் சேர்த்துக்கோங்க.

கேட்கவே சங்கடமான கேள்வி ஒண்ணு இருக்கு. மிஞ்சற குட்டிகளை என்ன பண்ணுவீங்க? நியூசிலாந்து, கலிஃபோர்னியன் மாதிரி இறைச்சி இனங்கள்ல ஈத்துக்கு எட்டு, பத்து குட்டி வரும். அங்கே வளர்க்கறவங்க தேறாததைச் சாப்பாட்டுக்கு எடுத்துக்குவாங்க, அவங்க கணக்கே அதுல நிக்குது. அது உங்க வீட்ல நடக்காதுன்னா அந்த இனங்களை விட்டுடுங்க. முயல் 8 முதல் 10 வருஷம் வாழும். வளர்ந்த ஆண்களைச் சேர்த்து வச்சா சண்டை போட்டுக்கும், தலைக்கு ஒரு கூண்டு வேணும்.

இதனாலதான் முதல் வருஷம் குட்டியே போட வேண்டாம்னு சொல்றேன். ஷோ தரத்துல ஒரே ஒரு இளம் முயல் வாங்குங்க, நாலைஞ்சு ஷோவுக்குக் கொண்டுபோங்க. பிடிச்சிருந்தா அப்புறம் ஒரு ஆண், ரெண்டு பெண்ணுன்னு ஆரம்பிக்கலாம்.

வரி விஷயம்: அமெரிக்காவில் பொழுதுபோக்கா வளர்த்து குட்டி வித்தாலும் அந்த வருமானத்துக்கு வரி உண்டு. ஆனா 2018-லிருந்து பொழுதுபோக்குச் செலவைத் தனிநபர் வரியில கழிக்க முடியாது. வேலை விசாவில் இருக்கறவங்க விற்பனையை வழக்கமாக்கறதுக்கு முன்னாடி குடியேற்ற வழக்கறிஞர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

விற்கறவர்கிட்ட பேசும்போது விலைக்கு முன்னாடி இதைக் கேளுங்க: "கடைசி மூணு ஈத்துல மொத்தம் எத்தனை குட்டி? அதுல எத்தனை ஷோ மேஜைக்குப் போச்சு? மீதி எங்கே இருக்கு?" நோட்டைத் திறந்து தேதியோட பதில் சொல்றவர்கிட்ட கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்து வாங்கலாம்.