கல்லறை சொல்வதும் சொல்லாததும்: காலனி காலக் கல்வெட்டுகளில் ஒரு குடும்பத்தைத் தேடுவது எப்படி?

"பழைய இங்கிலீஷ்காரன் கல்லறையைப் பார்த்து என்ன சார் கண்டுபிடிக்கப் போறீங்க?" என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். நிறையக் கண்டுபிடிக்கலாம். ஆனால் கல்லறையை விடையாக நினைக்கக் கூடாது. டேட்டாபேஸ் ஆசாமிகளுக்குப் புரிகிற மாதிரி சொன்னால் அது வெறும் ஒரு 'கீ'. அதை வைத்து மற்ற டேபிள்களைத் திறக்க வேண்டும்.

சென்னையிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. உயர் நீதிமன்றத்தை ஒட்டி, பழைய சட்டக் கல்லூரி இருக்கும் இடம்தான் கம்பெனிக்காரர்களின் முதல் இடுகாடு. அங்கே உயரமான கூம்பு வைத்த ஒரு கல்லறை இன்னும் நிற்கிறது. அதில் இரண்டு பேர்: ஜோசப் ஹின்மர்ஸ், டேவிட் யேல். ஒருவர் 1680-ல் இறந்த கம்பெனி அதிகாரி. இன்னொருவன் கவர்னர் எலிஹு யேலின் சின்னப் பையன். வேறு வேறு குடும்பப் பெயர். அப்புறம் ஏன் ஒரே இடத்தில்?

கல்லை எத்தனை முறை படித்தாலும் பதில் வராது. பதில் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தின் திருமணப் பதிவில் இருக்கிறது. கோயில் 1680 அக்டோபர் 28 அன்று பிரதிஷ்டை ஆனது. ஒரே வாரத்தில், நவம்பர் 4 அன்று, அங்கே முதல் கல்யாணம். மாப்பிள்ளை எலிஹு யேல், மணப்பெண் ஹின்மர்ஸின் விதவை கேத்தரின். ஆக, தன் முதல் கணவரின் பக்கத்தில்தான் இரண்டாம் கல்யாணத்தில் பிறந்த மகனை அடக்கம் செய்திருக்கிறார்கள். இரண்டு பெயர்களையும் இணைப்பது ஒரு பெண். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வரும்.

சரி, கல்லைப் படிக்கும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

முதலில் தேதி. டேவிட் இறந்தது ஜனவரியில். ஆனால் சில இடங்களில் 1687 என்றும் சில இடங்களில் 1688 என்றும் பார்ப்பீர்கள். இரண்டும் சரிதான். இங்கிலாந்தில் 1752-க்கு முன்புவரை சட்டப்படி புது வருஷம் மார்ச் 25-ல்தான் பிறந்தது. அதனால் ஜனவரி, பிப்ரவரி மரணங்களுக்கு எப்போதும் இரண்டு வருஷங்களிலும் தேடுங்கள். ஆர்மீனியர் கல்லறை என்றால் கணக்கே வேறு. அவர்களுடைய பழைய ஆண்டோடு 551 கூட்ட வேண்டும். 1616-ஐ முதல் ஆண்டாக வைத்த சின்னக் கணக்கும் அவர்களிடம் உண்டு, அதற்கு 1615.

இரண்டாவது, உறவுச் சொற்கள். 'ரெலிக்ட்' என்றிருந்தால் விதவை, கணவர் முன்பே போய்விட்டார். 'கன்சார்ட்' என்றிருந்தால் அவள் இறந்தபோது கணவர் உயிரோடு இருந்தார். அப்படியானால் அவருடைய மறுமணத்தையும் தேட வேண்டும். வயதையும் உற்றுப் பாருங்கள். '34-வது வயதில்' என்றால் முடிந்தது 33 வருஷம்தான்.

மூன்றாவது, இடம். கல் இருக்கிற இடத்தில்தான் உடலும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படைக்கு இந்த இடுகாட்டுக் கல்லறைகள் நல்ல மறைவிடமாகிவிட்டன. அதனால் பிறகு கற்களைப் பெயர்த்துக் கொண்டுபோய்ப் புனித மேரி தேவாலய முற்றத்தில் தரையாகப் பதித்துவிட்டார்கள். இன்று நாம் அவற்றின் மேல்தான் நடக்கிறோம்.

எழுத்து மங்கியிருந்தால் சுண்ணாம்பு, அமிலம், கம்பி பிரஷ் எதுவும் வேண்டாம். காலை அல்லது மாலை சாய்வெயிலில் பக்கவாட்டிலிருந்து படம் எடுங்கள், பாதி எழுத்து தானாக எழுந்து வரும். கல்லே உடைந்து போயிருந்தால் ஜே. ஜே. காட்டன் 1905-ல் வெளியிட்ட சென்னை மாகாணக் கல்லறைக் கல்வெட்டுத் தொகுப்பைப் பாருங்கள். அதன் பிறகு பதிவேடுகள். மாகாணத் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளுக்கு நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். 1698 முதல் உள்ள அந்த நகல்கள் இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. பெரும்பகுதியை ஆன்லைனிலேயே தேடலாம்.

இனி அந்தப் பெண் விஷயம். 1687-ல் கம்பெனி இயக்குநர்கள் சென்னைக்கு எழுதிய கடிதத்தில், சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கொள்வதை ஊக்குவிக்கச் சொன்னார்கள். பிறக்கும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆகும் நாளில் தாய்க்கு ஒரு வராகன் கொடுக்கலாம் என்பதும் அதில் இருந்தது. நூறு வருஷத்தில் காற்று திசை மாறியது. 1791-ல் இந்தியத் தாய்க்குப் பிறந்தவர்களுக்குக் கம்பெனியின் முக்கிய உத்தியோகங்களில் கதவை அடைத்தார்கள். தாயின் பெயரைச் சொல்வது பிள்ளைக்கு ஆபத்தானது. பல ஞானஸ்நானப் பதிவுகளில் தகப்பன் பெயர் மட்டும் முழுசாக இருக்கும், தாய் இருக்க வேண்டிய இடத்தில் 'நேட்டிவ் உமன்' என்று மட்டும் இருக்கும்.

ஆங்கிலோ இந்திய நண்பர் ஒருவருக்காகத் தேடியபோது இதே சுவரில்தான் போய் முட்டினோம். பீரங்கிப் படை வீரரான முப்பாட்டனாருக்கு அழகான கல் இருந்தது. முப்பாட்டிக்குக் கல்லும் இல்லை, பதிவில் பெயரும் இல்லை. வழி காட்டியது உயில். சர்ச்சுக்கும் சர்க்காருக்கும் சொல்லாததை உயிலில் சொல்லியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சொத்து போய்ச் சேராது. அதில் கொஞ்சம் பணமும் ஒரு வீடும் ஒரு பெண்ணுக்கு எழுதப்பட்டிருந்தன. இங்கிலீஷ் எழுத்தில் உருக்குலைந்த பெயர், ஆனாலும் முடிவில் 'அம்மாள்' என்பது தெளிவாகத் தெரிந்தது.

நண்பர் அதைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். தமிழ் உச்சரிப்பில் படித்துக் காட்டினேன். இருநூறு வருஷத்தில் அவர் குடும்பத்தில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை.

ஆகவே கல்லில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்ததோடு நிறுத்தாதீர்கள். யார் பெயர் இருந்திருக்க வேண்டும் என்றும் கேளுங்கள். தேட வேண்டிய அடுத்த ஆவணம் எது என்பதை அந்தக் கேள்விதான் சொல்லும்.