விலையை யார் வைப்பது?

ஏழைகளுக்குக் காப்பீடு வேண்டும் என்பதில் பெங்களூர் தனியார் மருத்துவர்களுக்கு மறுப்பில்லை. அதற்கு அரசு தரும் கட்டணம்தான் கசக்கிறது.

2017 நவம்பரில் பெங்களூரின் தனியார் கிளினிக்குகள் பூட்டிக் கிடந்தன. பெரிய மருத்துவமனைகள் புறநோயாளிகளைப் பார்க்க மறுத்தன. அரசு மருத்துவமனைகளில் கூட்டம் நெரிந்தது. அப்போதைய சுகாதார அமைச்சர் ரமேஷ் குமார் கொண்டுவந்த சட்டத் திருத்தம்தான் காரணம். தனியார் மருத்துவமனைகளின் கட்டணத்தை அரசே நிர்ணயிக்கும், மீறினால் சிறை என்றது மசோதா. சட்டமன்றம் கூடியிருந்த பெலகாவிக்கே திரண்டு போனார்கள் மருத்துவர்கள். சிகிச்சை கிடைக்காமல் நோயாளிகள் இறந்ததாகச் செய்திகள் வந்தன. கடைசியில் முதல்வர் சித்தராமையா பேச்சுவார்த்தை நடத்த, மசோதாவின் பற்கள் பிடுங்கப்பட்டன.

மிஞ்சிய சட்டத்தில் ஒரு விஷயம் முக்கியமானது. அரசின் சுகாதாரத் திட்டங்களில் அடங்கும் சிகிச்சைகளுக்கு மட்டும் அரசு விலை வைக்கலாம். அன்று அது மருத்துவர்களுக்குக் கிடைத்த வெற்றியாகத்தான் தெரிந்தது. ஆனால் 2018 மார்ச்சில் 'ஆரோக்கிய கர்நாடகா' வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்துடன் இணைந்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இலவச சிகிச்சை. மற்றவர்களுக்குச் செலவில் 30 சதவீதம் அரசின் பங்கு. முன்வாசலில் விரட்டிய விலை நிர்ணயம் கொல்லைப்புறமாக வந்து உட்கார்ந்துகொண்டது. சேர்வதும் சேராததும் மருத்துவமனையின் இஷ்டம் என்பதுதான் ஒரே ஆறுதல்.

வேடிக்கை என்னவென்றால், சொற்பப் பணத்தில் ஆபரேஷன் என்ற யோசனைக்கே பெங்களூரின் தனியார் மருத்துவர் ஒருவர்தான் முன்னோடி. நாராயண ஹ்ருதயாலயாவின் டாக்டர் தேவி ஷெட்டி முன்னின்று உருவாக்கிய 'யஷஸ்வினி' 2003இல் நடைமுறைக்கு வந்தது. கூட்டுறவுச் சங்க விவசாயி மாதம் 5 ரூபாய், வருஷத்துக்கு 60 ரூபாய் கட்டினால் போதும். தனியார் மருத்துவமனைகள் குறைந்த கட்டணத்துக்கு ஒப்புக்கொண்டன. காலியாகக் கிடக்கும் கட்டிலில் நோயாளி வந்து படுத்தால், குறைந்த கட்டணமும் லாபமே என்ற கணக்கு. 2018இல் புதிய திட்டத்துக்காக மூடப்பட்ட யஷஸ்வினி, 2022இல் மறுபடி உயிர்பெற்றது.

அப்போது இனித்தது இப்போது ஏன் கசக்கிறது? 2018இல் ஆயுஷ்மான் பாரத் சிசேரியனுக்கு வைத்த விலை 9,000 ரூபாய். கட்டில், மருந்து, மயக்க மருத்துவர் எல்லாம் அதற்குள் அடக்கம். கட்டுப்படியாகாது என்று இந்திய மருத்துவச் சங்கம் கொதித்தது. 2019இலும் 2022இலும் கட்டணங்கள் திருத்தப்பட்டன. பெருநகருக்கு ஒரு விலை, சிற்றூருக்கு ஒரு விலை என்ற ஏற்பாடும் வந்தது. பெங்களூர் வாடகையும் ராய்ச்சூர் வாடகையும் ஒன்றல்ல என்பது நியாயமான வாதம்தான். நூற்றுக்கணக்கான படுக்கைகள் கொண்ட மருத்துவமனை, காசு கொடுக்கும் நோயாளியிடம் வாங்கி ஈடுகட்டிவிடும். முப்பது படுக்கை நர்சிங் ஹோம் என்ன செய்யும்? ஆனால் நஷ்டம் என்று முழங்குகிறவர்களில் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்ட முன்வருகிறவர்கள் குறைவு.

அடுத்த மனக்குறை, பரிந்துரைக் கடிதம். கர்நாடகத்தில் அவசர சிகிச்சைகள் தவிர மற்றவற்றுக்கு அரசு மருத்துவமனையின் கடிதம் இல்லாமல் தனியாரிடம் போக முடியாது. தன்னிடம் வந்த நோயாளியை அரசு மருத்துவமனை வரிசைக்கு அனுப்ப எந்த மருத்துவருக்குத்தான் மனம் வரும்? இதில் அரசு பக்கமே நியாயம் அதிகம். அரசு மருத்துவமனையிலேயே செய்யக்கூடிய ஆபரேஷனுக்கு வெளியே எதற்குப் பணம்? ஆனால் வயிற்று வலியோடு வந்தவர் கையில் ஒரு காகிதத்துக்காக இரண்டு இடத்துக்கு அலைகிறார் என்பதும் உண்மை.

பணம் எப்போது வரும் என்பது இன்னொரு கவலை. தமிழ்நாட்டில் முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு நடுவில் காப்பீட்டு நிறுவனம் உண்டு. கர்நாடகத்தில் அரசின் சுவர்ண ஆரோக்கிய சுரக்ஷா டிரஸ்டே பணம் தருகிறது. கஜானா தாமதித்தால் மருத்துவமனை காத்திருக்க வேண்டியதுதான். 2025 ஆகஸ்டில் ஹரியானாவில் பாக்கி வரவில்லை என்று தனியார் மருத்துவமனைகள் ஆயுஷ்மான் சிகிச்சையை நிறுத்தியே விட்டன. அட்டை வைத்திருந்தவர்கள் வாசலில் நின்றார்கள்.

மருத்துவர் சங்கங்கள் அதிகம் பேச விரும்பாத பக்கமும் உண்டு. 2023இல் மத்திய தணிக்கைத் துறை, ஒரே கைபேசி எண்ணில் சுமார் 7.5 லட்சம் பயனாளிகள் பதிவாகியிருந்ததையும், இறந்ததாகப் பதிவானவர்கள் பெயரில் மறுபடி சிகிச்சைக் கணக்கு வந்ததையும் அம்பலப்படுத்தியது. ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்க அரசு விதிகளை இறுக்குகிறது. ஒழுங்காக நடத்துகிறவருக்கும் பில் தாமதமாகிறது.

2024 அக்டோபரில், 70 வயது கடந்தவர்கள் அனைவருக்கும், வருமானம் பாராமல் ஆயுஷ்மான் பாரத்தை மத்திய அரசு விரிவுபடுத்தியது. முழுக் கட்டணம் கொடுத்துவந்த ஓய்வுபெற்ற நடுத்தர வர்க்கத்தினரும் அட்டையோடு வந்து நிற்கலாம் என்பதால் தனியார் மருத்துவமனைகளுக்கு இது புதுத் தலைவலி. அந்த முதியவர்களுக்கோ வேறு கஷ்டம். மருத்துவமனையில் படுத்தால்தான் அட்டை உதவும். மாதாமாதம் வாங்கும் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளுக்குப் பணம் சொந்தப் பையிலிருந்துதான் போகிறது.