பாப்பா பார்க்கப்போகும் முதல் கடல்!

லீவு விட்டாச்சு! 'கடலுக்குப் போகலாமா?' என்று அப்பா கேட்டதுமே வீட்டில் ஒரே குதியாட்டம்தான். ஆனால், அடுத்த நிமிடமே உங்களில் பல பேருக்கு ஒரு கவலை வந்திருக்கும். 'ஐயோ... பாப்பாவும் வருதே! வழியெல்லாம் அழுமே! நம்ம ஜாலி போச்சே!'

கவலை வேண்டாம் குட்டீஸ்! ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள தம்பி, தங்கையோடு காரில் கடற்கரைக்குப் போவது ஒரு கலை. அதைத் தெரிந்துகொண்டால் பாப்பாவுக்கும் ஜாலி... உங்களுக்கும் ஜாலி!

உதாரணத்துக்கு, மதுரையில் இருந்து ராமேஸ்வரம் போகும் சாலையை எடுத்துக்கொள்வோம். தூரம் சுமார் 170 கி.மீ. பெரியவர்கள் மட்டும் போனால் மூன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். பாப்பாவோடு போனால்? ஐந்து மணி நேரம் என்று இப்போதே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கு தெரிந்துவிட்டாலே பாதி எரிச்சல் போய்விடும்!

பாப்பா தூங்கும்போது வண்டி ஓடட்டும்!

ஒன்றிரண்டு வயதுக் குழந்தைகள் ஒரு நாளில் 11 முதல் 14 மணி நேரம் தூங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதைத்தான் நாம் பயன்படுத்திக்கொள்ளப் போகிறோம். அதிகாலை நாலரை மணிக்குக் கிளம்பினால், பாப்பா தூங்கிக்கொண்டே பரமக்குடி வரை வந்துவிடும். வெயில் ஏறுவதற்குள் கடலையும் பார்த்துவிடலாம். ஆனால் ஒன்று... வண்டி ஓட்டும் அப்பாவோ, மாமாவோ முதல் நாள் இரவு சீக்கிரமே படுத்து நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். பாப்பாவின் தூக்கத்தைவிட அவர்கள் தூக்கம் முக்கியம்!

மடியில் வேண்டாமே!

'பாப்பா அம்மா மடியில் பத்திரமாக இருக்கும்' என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

கார் 50 கி.மீ. வேகத்தில் போகிறது. திடீரென்று எதன் மீதோ மோதி, ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுகிறது. அப்போது 10 கிலோ எடையுள்ள பாப்பாவைப் பிடித்து நிறுத்த, சுமார் 140 கிலோ எடையைத் தாங்கும் பலம் வேண்டும். அதாவது, ஐந்தாறு அரிசி மூட்டைகள் ஒரே நொடியில் கையைவிட்டுப் பாய்வதுபோல! எந்த பயில்வானாலும் பிடிக்க முடியாது.

அதனால்தான் குழந்தைகளுக்கென்று தனி இருக்கை இருக்கிறது. 'சைல்டு சீட்' என்பார்கள். அதைக் காரின் பின் சீட்டில் இறுக்கமாகப் பொருத்த வேண்டும். சின்னக் குழந்தைகளை வண்டியின் பின்பக்கம் பார்த்தபடி உட்கார வைப்பதுதான் நல்லது. ஏன் தெரியுமா? பாப்பாவுக்குத் தலை பெரிசு, கழுத்து மெலிசு. மோதும்போது தலை முன்னால் வெட்டி இழுக்கப்படாமல், இருக்கையின் முதுகு மொத்தமாகத் தாங்கிக்கொள்ளும். காற்றுப்பை உள்ள முன் சீட்டில் இந்த இருக்கையை இப்படித் திருப்பி வைக்கவே கூடாது. பட்டென்று விரியும் காற்றுப்பையே குழந்தைக்கு ஆபத்தாகிவிடும்.

நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் இதைச் சொல்கிறது. 14 வயதுக்கு உட்பட்டவர்கள் சீட் பெல்ட்டோ, குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் காரில் போனால் 1000 ரூபாய் அபராதம். 14 வயதுக்கு உட்பட்டவர்கள் என்றால்... ஆமாம், நீங்களும்தான்!

வாந்தி எடுப்பது யார்?

'பாப்பா வாந்தி எடுக்கும்' என்று பயந்து பை எடுத்து வைப்பார் அம்மா. ஆனால் கடைசியில் அந்தப் பை உங்களுக்குத்தான் பயன்படும்! சிரிக்காதீர்கள், உண்மை. இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குப் பயண வாந்தி வருவது அபூர்வம். 2 முதல் 12 வயது வரை உள்ளவர்களுக்குத்தான் அதிகம்.

காரணம், காதுக்கும் கண்ணுக்கும் நடக்கிற சண்டை! நம் காதுக்குள்ளே, உடல் அசைவதைக் கண்டுபிடித்துச் சொல்லும் உறுப்பு ஒன்று இருக்கிறது. கார் குலுங்கும்போது 'நாம் நகர்கிறோம்' என்று அது மூளைக்குச் சொல்கிறது. நீங்களோ தலையைக் குனிந்து செல்போனில் விளையாடிக்கொண்டிருக்கிறீர்கள். 'இல்லையே, எல்லாம் அப்படியேதான் இருக்கிறது' என்கிறது கண். இரண்டு சேதியும் ஒத்துவராமல் மூளை குழம்பும்போது குமட்டல் வருகிறது.

மருந்து என்ன? செல்போனையும் புத்தகத்தையும் மூடிவிட்டு, தூரத்தில் தெரியும் சாலையைப் பாருங்கள். கொஞ்சம் காற்று வரட்டும். வயிறு முட்டப் பூரி சாப்பிடாமல் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வழியில் என்னென்ன?

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது வண்டியை நிறுத்தி, பாப்பாவை இறக்கி ஓடவிட வேண்டும். நாள் முழுக்கத் துள்ளும் பிள்ளையைக் கட்டிப்போட்டால் அழாமல் என்ன செய்யும்?

இந்தச் சாலையில் நிறுத்துவதற்கா இடம் இல்லை! மானாமதுரை வந்தால் மண்பாண்டங்கள். கச்சேரியில் வாசிக்கும் கடத்துக்குப் பெயர்போன ஊர் இது. ஒரு குட்டிச் சட்டி வாங்கிக் கொடுத்தால், அதைத் தட்டிக்கொண்டே பாப்பா அரை மணி நேரத்தை ஓட்டிவிடும். பரமக்குடி தாண்டினால் பனைமரங்கள். 'அதோ பனை... இதோ பனை' என்று நீங்கள் கை காட்ட, பாப்பா கை தட்ட வேண்டும். எண்ணிக்கையில் தப்பு வந்தாலும் பரவாயில்லை!

மதுரைக்குப் பக்கத்திலேயே இருக்கும் கீழடி அருங்காட்சியகத்தைத் திரும்பி வரும்போது பார்க்கலாம். 2023-இல் திறக்கப்பட்டது. இது பாப்பாவுக்கல்ல, உங்களுக்கு! பாப்பாவுக்காக நீங்கள் விட்டுக்கொடுத்ததற்கு ஒரு பரிசு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கார் ஓடும்போது பாப்பாவுக்கு வேர்க்கடலை, பாப்கார்ன், முழு திராட்சை, கெட்டி மிட்டாய் எதுவும் தரவே கூடாது. பாப்பாவின் மூச்சுக்குழாய் மிகவும் குறுகலானது. குலுக்கலில் ஒரு கடலை உள்ளே போய் அடைத்துக்கொண்டால் பெரிய ஆபத்து. கடற்கரையில் விற்கும் பட்டாணி சுண்டலுக்கும் இதே சட்டம்தான். அதை நீங்கள் சாப்பிடுங்கள்! பாப்பாவுக்கு மசித்த வாழைப்பழம், மெத்தென்ற இட்லி போதும்.

காரில் தனியாக விடாதீர்கள்!

'பாப்பா தூங்குது. ரெண்டே நிமிஷத்தில் டீ குடித்துவிட்டு வந்துடலாம்' என்று பெரியவர்கள் இறங்கினால், உடனே தடுத்து நிறுத்துங்கள். வெயிலில் மூடி நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறிவிடும். வெளியே 35 டிகிரி என்றால் உள்ளே 45! சின்னக் குழந்தையின் உடல், பெரியவர்களின் உடலைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடாகும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டாலும் அது போதாது. வண்டியை விட்டு இறங்கும்போதெல்லாம் தலைகளை எண்ணும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். 'எல்லோரும் இறங்கியாச்சா? பாப்பா எங்கே?' - இதுதான் கேள்வி!

பெண் கடலா? ஆண் கடலா?

ராமேஸ்வரம் பக்கத்து மக்கள் தங்கள் கடலுக்கு அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். வடக்கே இருக்கும் பாக் விரிகுடா 'பெண் கடல்'. தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடா 'ஆண் கடல்'. பெண் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஒரு பக்கம் தமிழ்நாடு, எதிர்ப்பக்கம் இலங்கை, தெற்கே ராமேஸ்வரம் தீவும் மணல் திட்டுகளும் வேலிபோல நிற்பதால், பெருங்கடலின் பெரிய அலைகள் உள்ளே வர முடிவதில்லை. ஆழமும் குறைவு. ஆனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெண் கடலுக்கும் கோபம் வரும். அப்போது ஜாக்கிரதை!

பாப்பாவுக்கு ஏற்றது எது என்று சொல்லவும் வேண்டுமா? ராமநாதபுரத்தைத் தாண்டியதும், பாம்பனுக்கு முன்னாலேயே அரியமான் கடற்கரை இருக்கிறது. பெண் கடல் பக்கம்தான். சவுக்கு மரங்களின் நிழலும் உண்டு.

1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியையும், அதைத் தாண்டி இரண்டு கடலும் சேரும் அரிச்சல்முனையையும் பாருங்கள்... ஆனால், கரையில் நின்று மட்டும்! அங்கே நீரோட்டம் கடுமை. நீச்சல் தெரிந்தவர்களையே இழுத்துவிடும். பாப்பாவைத் தோளில் வைத்துக்கொண்டு அலையில் இறங்கும் விளையாட்டு அங்கே கூடவே கூடாது.

போகிற வழியில் பாம்பன் பாலம் வரும். 1988-இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தில் நாம் போகும்போது, பக்கத்தில் ரயில் பாலம் தெரியும். 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாலத்துக்குப் பதிலாக, 2025 ஏப்ரலில் புதிய பாலம் வந்துவிட்டது. கப்பல் வந்தால் அதன் நடுப்பகுதி லிப்ட் மாதிரி 17 மீட்டர் உயரத்துக்கு மேலே போகும்! பாலத்தில் காற்றும் பலம், பஸ் போக்குவரத்தும் அதிகம். அதனால் பாப்பாவோடு இறங்காமல், காரில் இருந்தபடியே பாருங்கள்.

அலை ஓரத்தில்...

உங்கள் முழங்கால் அளவு அலை, பாப்பாவின் இடுப்பைத் தாண்டிவிடும். முதன்முதலாகக் கடலைப் பார்க்கும் பாப்பா அழலாம். சத்தம் புதுசு, காலுக்குக் கீழே மணல் நழுவுவதும் புதுசு. 'பயந்தாங்கொள்ளி' என்று கேலி செய்து இழுக்காதீர்கள். கொஞ்சம் தள்ளி, ஈர மணலில் உட்கார வையுங்கள். டம்ளரில் மணலை அமுக்கி 'மணல் இட்லி' சுட்டுக் காட்டுங்கள். பத்து நிமிடத்தில் பாப்பாவே அலையைப் பார்த்துக் கூப்பிடும்!

இனி சொல்லப்போவதுதான் மிக மிக முக்கியம். சின்னக் குழந்தை தண்ணீரில் மூழ்கும்போது சினிமாவில் வருவதுபோலக் கத்தாது, கையை ஆட்டாது. சத்தமே கேட்காது. வெறும் 5 சென்டிமீட்டர் தண்ணீரிலும் இது நடக்கலாம். அதனால் பாப்பா தண்ணீர் ஓரத்தில் இருக்கும்வரை, கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஒரு பெரியவர் இருந்தே ஆக வேண்டும்.

'எல்லோரும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோமே' என்று நினைக்கும்போதுதான் யாருமே பார்க்காமல் போகிறார்கள். இதற்கு ஒரு தொப்பி விளையாட்டு இருக்கிறது. தொப்பி யார் தலையில் இருக்கிறதோ, அவர்தான் காவல்காரர். அவர் செல்போனைத் தொடக் கூடாது, அரட்டை அடிக்கக் கூடாது. பதினைந்து நிமிடம் ஆனதும் அடுத்த பெரியவர் தலைக்குத் தொப்பி மாறும். நேரம் பார்த்துச் சொல்வது உங்கள் வேலை. ஆனால் தொப்பி உங்கள் தலைக்கு வரக் கூடாது. நீங்கள் உதவிக் காவலர்தான்! பாப்பாவை அலை இழுத்தால் நீங்கள் பாயாதீர்கள். கத்திப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள். அதுதான் பாப்பாவைக் காப்பாற்றும்.

கரை ஒதுங்கிய சொறி மீனை - ஜெல்லி மீன் என்றும் சொல்வார்கள் - தொடவே கூடாது. செத்துக் கிடந்தாலும் கொட்டும். குழி தோண்டி விளையாடினால், கிளம்பும் முன் மூடிவிடுங்கள். கடல் தண்ணீரைப் பாப்பா குடிக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு! காலை பத்து மணி முதல் மாலை நாலு மணி வரை வெயிலில் வேண்டாம். அந்த நேரத்தில் நிழலில் பாப்பாவுக்கு ஒரு தூக்கம் போடலாம்.

நினைவில் வைப்பது யார்?

இன்னொரு ஆச்சரியம் சொல்லட்டுமா? மூன்று வயதுக்கு முன்னால் நடந்தது பெரும்பாலானவர்களுக்குப் பின்னாளில் நினைவிருப்பதில்லை. பாப்பாவும் இந்தக் கடலை, இந்த மணல் இட்லியை மறந்துவிடும். 'அன்னிக்கு அலையைப் பார்த்து நீ எப்படி அழுதே தெரியுமா?' என்று பத்து வருடம் கழித்துச் சொல்லப்போவது நீங்கள்தான். அதனால் எல்லாவற்றையும் நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்!

கிளம்பும் முன் ஒரு நிமிடம்!

* பாப்பாவுக்குப் பளிச்சென்ற நிறத்தில் உடை. கூட்டத்தில் தூரத்தில் இருந்தே தெரியும்.

* காலையிலேயே அந்த உடையோடு ஒரு போட்டோ.

* அப்பா, அம்மா செல்போன் எண் எழுதிய சீட்டு, பாப்பாவின் சட்டைப் பைக்குள்.

* கொதித்து ஆறிய தண்ணீர், தொப்பி, முழுக்கைப் பருத்திச் சட்டை, இரண்டு மாற்று உடை, துண்டு, டயப்பர்.

* மணலில் சூடு தாங்க பாப்பாவுக்குச் செருப்பு.

* அவசர உதவிக்கு 112, ஆம்புலன்சுக்கு 108, குழந்தைகள் உதவிக்கு 1098. இந்த மூன்று எண்களும் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கட்டும்!